வியர்வையில்லாப் புகழ்

பழைய படத்தைப் புதிதாக எடுப்பது குற்றமன்று. ஒரு கதையை ஒருவர்தாம் சொல்ல வேண்டும், ஒரு முறைதான் சொல்ல வேண்டும் என்று எவரும் விதி வகுத்துவிடவில்லை. தெருக்கூத்துக் கலைஞன் தன் தந்தை ஆடிய அதே கதையைத்தான் ஆடுகிறான். ஊரும் விடிய விடிய விழித்திருந்து பார்க்கிறது. ஆகவே, "ஏன் மீண்டும் எடுத்தீர்கள்?" என்று கேட்பதற்கில்லை. "எதை எடுத்தீர்கள்? எதை விடுத்தீர்கள்?" என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

அமெரிக்கத் திரையுலகம் இருமுறை படைத்தளித்த 'ஃபேம்' என்னும் இசைப்படத்தை முன்வைத்து அந்தக் கேள்வியைக் கேட்க விழைகிறேன். 'ஃபேம்' என்றால் புகழ். ஆலன் பார்க்கர் இயக்கிய முதற்படம் 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆறு ஆஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, பின்னணி இசைக்கொன்று பாட்டுக்கொன்று என இரண்டைப் பெற்றது. காத்து வைக்கத்தக்க கலைச்செல்வம் என்று 2023ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம் பெற்றது. கெவின் டான்சரோன் இயக்கிய மறுபடம் 2009ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வெளிவந்தது. இடையே 29 ஆண்டுகள். களம் ஒன்று, சேர்க்கைத் தேர்வு தொடங்கி நான்காம் ஆண்டு முடிய வகுத்த காலப் பகுப்பு ஒன்று, பெயரும் ஒன்று. ஆயினும் படம் ஒன்றன்று!

கதை நடப்பது ஒரு பள்ளியில். நாட்டியம், நாடகம், இசை ஆகிய கலைகளைக் கற்பிக்க நியூயார்க் நகர ஆட்சியினர் நடத்திய பள்ளி அது. 46ஆம் தெருவில், பிராட்வே நாடக அரங்குகளுக்குக் கூப்பிடு தொலைவில் இருந்தது. 1984ஆம் ஆண்டில் லிங்கன் சென்டர் கலை அரங்குகளுக்கு அருகே புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அரசினர் பள்ளியாதலால் கட்டணம் கிடையாது. செல்வர் வீட்டுப் பிள்ளையா, செல்லாக்காசும் இல்லாதவன் பிள்ளையா என்று வாயிலில் நின்று எவரும் கேட்பதில்லை. ஆடிக் காட்டு, பாடிக் காட்டு, நடித்துக் காட்டு என்றுதான் கேட்பார்கள்.

இது சிறிய செய்தியன்று. மாளிகையில் பிறந்த குழந்தைக்கு ஆடல் கற்பிக்க ஆசான் வீடு தேடி வருவான். பியானோவும் வாயில் தேடி வரும். தெருவில் பிறந்த குழந்தைக்கு எது வரும்? அதன் காலிலே தாளம் இருக்கலாம், குரலிலே தேன் இருக்கலாம். திறக்கும் கதவு ஒன்று இல்லையென்றால் தாளமும் தேனும் தெருப் புழுதியோடு போகும். அந்தக் கதவுதான் அந்தப் பள்ளி. பார்க்கர் அதைப் புரிந்துகொண்டு படம் எடுத்தார்.

அவர் எடுத்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1975ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் கடனில் மூழ்கித் திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலையிழந்தனர். செலவைக் குறை என்று கத்தியை எடுத்தவர்கள் கணக்குப் பாடத்தையா வெட்டுவார்கள்? இசையையும் ஓவியத்தையும் வெட்டினார்கள். அந்தக் காயம் ஆறுமுன் அந்நகரத் தெருக்களில் படம் பிடிக்க வந்தார் பார்க்கர். அப்பள்ளிக்குள்ளேயே படம் எடுக்க இசைவு கிட்டவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த வேறொரு பள்ளிக் கட்டடத்துள் எடுத்தார். அந்த இடத்தின் மங்கலும் நெரிசலும் படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் படத்தின் பிள்ளைகளைப் பாருங்கள்.

லெராய் என்னும் கறுப்பின இளைஞன், சேர்க்கைத் தேர்வுக்கு வந்த தோழிக்குத் துணையாக ஆட வந்தவன். தோழி தள்ளப்படுகிறாள், துணைக்கு வந்தவன் கொள்ளப்படுகிறான். ஆட்டத்தில் அவன் அனல். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆங்கிலம் கற்பிக்கும் திருமதி ஷெர்வுட் 'படி' என்கிறார். அவனால் முடியவில்லை. அவமானம் சினமாகிறது, கண்ணாடிகள் நொறுங்குகின்றன. ஆண்டுகள் ஓடுகின்றன. பெயர்பெற்ற நாட்டியக் குழுவொன்றில் இடம் காத்திருக்கிறது. அதற்குப் பள்ளியில் தேற வேண்டும். தேர்ச்சி கேட்டு ஆசிரியையைத் துரத்திக்கொண்டு மருத்துவமனை வரை போகிறான். அங்கேதான் தெரிகிறது, அவர் கணவர் நோயுற்றுக் கிடக்கிறார் என்பது. தன் துன்பத்தையே உலகத் துன்பமாக எண்ணியிருந்த இளைஞன், தனக்குப் பாடம் சொன்னவருக்கும் துன்பம் உண்டு என்று அறிந்து நிற்கிறான். ஆசிரியனாக இருப்பவன் எவனும் அந்தக் காட்சியைக் கண் கலங்காமல் பார்க்க இயலாது.

ரால்ஃப் என்னும் போர்ட்டோ ரிக்கோ இளைஞன் மேடையில் நகைச்சுவை பொழிகிறான், வீட்டிலோ அழுகை. அவன் சிறு தங்கையைப் போதைக்கு அடிமையான ஒருவன் தாக்கிவிடுகிறான். தாய், குழந்தையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடாமல் மாதா கோவிலுக்கு அழைத்துச் செல்கிறாள். மகன் கொதிக்கிறான். அந்தக் கொதிப்பில் இருப்பது தாய் மீது வெறுப்பன்று. ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் எல்லாவற்றின் மீதும் எழுந்த வெறுப்பு.

மான்ட்கொமரி என்பவன் தன்பால் விருப்பம் கொண்டவன். ஊர் நகைக்கும் என்று அஞ்சி உள்ளத்தில் பூட்டி வைத்திருந்ததை வகுப்பு மேடையில் நின்று சொல்லிவிடுகிறான். 1980இல் அது எளிய செயலா?

புரூனோவின் தந்தை வாடகைக் கார் ஓட்டுபவர். மகன் அடித்தள அறையில் கருவிகளோடு அடைந்து கிடந்து இசை அமைக்கிறான். யாருக்கும் கேட்கவிட மறுக்கிறான். தந்தை அந்த இசையைக் கொண்டுவந்து பள்ளி வாயிலில், தம் காரின்மேல் ஒலிபெருக்கி வைத்து முழங்க விடுகிறார். பிள்ளைகள் வகுப்புகளிலிருந்து கொட்டுகின்றனர், தெரு நிறைகிறது, கார்களின் கூரைமேல் ஏறி ஆடுகின்றனர், போக்குவரத்து நிற்கிறது. படத்தின் பெயரைத் தாங்கிய பாடல் ஒலிப்பது அங்கேதான். உழைத்து உழைத்துக் கை காய்ந்துபோன ஒரு தந்தை, தன் மகனைப் பற்றிய பெருமிதத்தை வேறு எப்படிச் சொல்லுவார்? அந்தப் பாட்டு அந்தத் தெருவுக்குச் சொந்தம். அதனாற்றான் அது உலகெங்கும் பரவியது.

குறையே இல்லாத படமென்று சொல்ல வரவில்லை. சில பிள்ளைகளின் கதை தொடங்கித் தொங்கலில் நிற்கிறது. சில இடங்களில் பார்க்கர் உணர்ச்சியை அளவுக்கு மீறிக் குலுக்குகிறார். ஆனால், ஒரு பொய்யை மட்டும் அவர் சொல்லவில்லை. திறமை உண்டானால் வெற்றி உண்டு என்னும் பொய்யை! பரிசும் உதவித்தொகையும் பெற்று, நாளைய நட்சத்திரம் என்று பள்ளியே கொண்டாட ஹாலிவுட்டுக்குச் சென்ற மைக்கேல் என்ற மாணவனை மீண்டும் காண்கிறோம். எங்கே? உணவு விடுதியில், தட்டேந்திப் பரிமாறும் பணியாளாக! அந்த ஒரு காட்சி, இசைப்படங்களின் இனிப்பையெல்லாம் நிறுத்து வைத்து எடை போட்டுவிடுகிறது.

இனி, மறுபடத்துக்கு வருவோம்.

பளபளப்புக்குக் குறைவில்லை. ஆட்டம் துல்லியம், ஒளிப்பதிவு தெளிவு, உடுப்பு புதுமை. டெனீஸ் என்னும் மாணவியாக வரும் நட்டூரி நாட்டன், முதற்படத்தில் ஐரீன் காரா பாடிய 'அவுட் ஹியர் ஆன் மை ஓன்' என்னும் பாடலைப் பியானோ முன் அமர்ந்து பாடுகிறார். உள்ளத்தைத் தொடுகிறது, மறுக்கமாட்டேன். நடிப்பு ஆசிரியராக வரும் சார்லஸ் டட்டன் பேசும் ஒவ்வொரு சொல்லிலும் பட்டறிவு தெரிகிறது. முதற்படத்தில் சிறு வேடமேற்று, பின்னர் 1982 முதல் 1987 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரில் ஆசிரியையாகப் புகழ்பெற்ற டெபி ஆலன், இதில் தலைமையாசிரியையாக வருகிறார். எல்லாம் உண்டு. எனினும் உப்பில்லை!

எந்த உப்பு? பிள்ளைகளுக்கு இழப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா, அந்த உப்பு. டெனீசுக்கு என்ன தடை? மேற்கத்தியச் செவ்வியல் பியானோவையே வாசிக்க வேண்டும் என்னும் தந்தையின் பிடிவாதம். மாலிக் என்பவனுக்கு வீட்டில் துயரம் உண்டு. அது ஓர் உரையாடலில் வந்து மற்றோர் உரையாடலில் மறைந்துவிடுகிறது. எழுத்தறியாமல் தவிக்கும் லெராய் இல்லை. தங்கைக்காகக் கொதிக்கும் ரால்ஃப் இல்லை. மான்ட்கொமரியைப் போல் உள்ளத்தைத் திறந்து சொல்ல இடமே வைக்கவில்லை. பெயர்ப்பாடலுக்குத் தெருவே இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அது ஒலிக்கிறது. கரும்பைப் பிழிந்து சாற்றை ஊற்றிவிட்டுச் சக்கையை வெள்ளித்தட்டில் வைத்து நீட்டினால், தட்டு அழகு என்று சொல்லலாம். இனிப்பு என்று சொல்ல முடியுமா?

இரண்டு இடங்களை ஒப்பிட்டால் போதும்.

முதற்படத்தில் கோகோ என்னும் மாணவி, புகழ்மீது தீராத வேட்கை கொண்டவள். திரைப்பட இயக்குநன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவன் தேர்வுக்கு அழைக்கிறான். போகிறாள். உடையைக் களை என்கிறான். ஒளிப்படக் கருவி அவள் முகத்தின் மீதே நிற்கிறது, அவள் அழுகிறாள், பார்க்கும் நாம் தலை குனிகிறோம். புகழ் என்று ஒரு சொல்லைக் காட்டி இளம்பெண்களை எத்தனை கயவர் ஏய்க்கின்றனர் என்பதை அதைவிடக் கடுமையாகச் சொல்லிவிட முடியாது. மறுபடத்தில் ஜென்னி என்பவளை, தொலைக்காட்சி நடிகனாகிவிட்ட முன்னாள் மாணவன் ஒருவன் தன் ஓய்வு வண்டிக்கு அழைத்துத் தவறாக நெருங்குகிறான். அவள் வெளியேறிவிடுகிறாள். அவள் தப்பியது மகிழ்ச்சியே. ஆனால், படம் அதன்பின் கவலைப்படுவது எதைப்பற்றி? அவளுடைய காதலன் கோபித்துக்கொண்டானே என்பதைப் பற்றி! கயமையைக் கண்டித்து எழ வேண்டிய கதை, காதலர் ஊடலாகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்து, சுரங்க இரயில் மேடை. இரண்டு படங்களிலும் உண்டு. முதற்படத்தில் லிசா என்பவளை, நாட்டியத்துக்கு நீ தகுதியில்லை என்று ஆசிரியை விலக்கிவிடுகிறார். தண்டவாளத்தின் ஓரம் நிற்கிறாள். நம் நெஞ்சு நின்றுவிடுகிறது. அவளோ தன் நாட்டிய உடைகளைத் தண்டவாளத்தில் வீசியெறிகிறாள். ஆட முடியாதென்றால் நாடகப் பிரிவுக்குப் போகிறேன் என்று முடிவு செய்து தன் காலாலேயே திரும்பி நடக்கிறாள். தோல்வியைத் தோல்வியென்று பார்த்து, அதைத் தூக்கியெறிந்துவிட்டு நடக்கும் பெண்! மறுபடத்தில் கெவின் என்பவனுக்கு அதே தீர்ப்பு, அதே மேடை. தோழியர் தடுத்துக் காக்கின்றனர். காத்தது நன்று. ஆயினும் அந்த இளைஞன் தன் வாழ்வைத் தானே எப்படி மீட்டெடுத்தான் என்று காட்டப் படத்துக்கு நேரமில்லை. நேரம் எங்கிருந்து வரும்? முதற்படம் 134 நிமிடம். மறுபடம் 107 நிமிடம். மாணவர் ஏறத்தாழ பத்துப் பேர். தலைக்குப் பத்து நிமிடம். அதிலும் ஆட்டம் பாட்டம் போக எஞ்சுவது என்ன?

இப்படி ஏன் ஆயிற்று? விடை சந்தையில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனம் தொலைக்காட்சியில் வெளியிட்ட 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்' சிறுவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. அடுத்தடுத்துத் தொடர்ச்சிகளும் வந்தன. பள்ளிப்பிள்ளைகள் பாடி ஆடினால் பணம் வரும் என்று தெரிந்தது. 1980ஆம் ஆண்டுப் படம், 17 அகவைக்கு உட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்கலாகாது என்னும் சான்றிதழ் பெற்றது. 2009ஆம் ஆண்டுப் படத்துக்கு அந்தத் தடை இல்லை. வாயில் அகலமானது, கூட்டம் கூடிற்று. ஏறத்தாழ 18 மில்லியன் டாலர் செலவில் எடுத்து, உலகெங்கும் ஏறத்தாழ 77 மில்லியன் டாலர் வசூலித்தனர். வணிகம் தோற்கவில்லை, தோற்றது கலை. சிறுவர் பார்க்கத்தக்க படம் எடுப்பது நற்பணியே. ஆனால் சிறுவர் பார்க்கத்தக்கது என்றால் சிறுவரிடம் உண்மையை மறைப்பது என்று எவன் சொன்னான்?

"காலம் மாறிவிட்டது, 1980ஆம் ஆண்டு வறுமையை 2009இலும் காட்ட வேண்டுமா?" என்று கேட்பார் உளர். நல்ல கேள்வி. காலம் எப்படி மாறியிருந்தது என்று பார்ப்போம். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்னும் பெருநிதி நிறுவனம் நொடித்து வீழ்ந்தது, அதுவும் நியூயார்க்கிலேயே. வீடிழந்தோர், வேலையிழந்தோர் பெருகினர். மறுபடம் வெளிவந்த அடுத்த திங்களில், 2009 அக்டோபரில், அமெரிக்காவில் வேலையில்லாதோர் அளவு நூற்றுக்குப் பத்து என்று உயர்ந்தது. அந்த ஆண்டில் அந்த நகரில் ஒரு பிள்ளையின் தந்தை வேலையிழந்து வீட்டில் இருந்திருக்கமாட்டாரா? கட்டணமில்லாப் பள்ளியின் அருமையை அவர் அறிந்திருக்கமாட்டாரா? காலம் கதையைக் கையில் கொண்டுவந்து கொடுத்தது, வாங்க மறுத்துவிட்டனர்.

"இயக்குநர் இளைஞர், மன்னித்துவிடலாம்" என்பாரும் உளர். டான்சரோனுக்கு அப்போது அகவை 25. இளமை குற்றமன்று, இளமைக்காக மன்னிப்புக் கேட்பதை இளைஞர் எவரும் விரும்பவும் மாட்டார். ஆடல் அமைப்பில் தேர்ந்த அவர், கால்கள் எப்படி ஆடுகின்றன என்று அழகாகக் காட்டினார். ஏன் ஆடுகின்றன என்று காட்ட அவருக்குக் கதை எழுதிக் கொடுத்தவர் இல்லை. பணம் போட்டவர்களும் கேட்கவில்லை.

"பொழுதுபோக்குப் படத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று சிரிப்பாரும் உளர். அவர்களுக்குச் சொல்லும் விடைக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

மறுபடம் பிள்ளைகளுக்குச் சொல்வது என்ன? கனவு காண், கனவை இறுகப் பற்று, உன்னை நம்பு, உயர்வாய். கேட்க இனிக்கிறது. வகுப்பில் அன்றாடம் நாற்பது ஐம்பது முகங்களைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது இனிப்பில் தோய்த்த நஞ்சு. வறுமையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால், கதவடைப்பவர்களை எடுத்துவிட்டால், ஏய்க்கும் கயவர்களை மங்கலாக்கிவிட்டால், தோல்விக்கு எஞ்சி நிற்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். தோற்ற பிள்ளை! "நீ போதிய அளவு நம்பவில்லை, போதிய அளவு கனவு காணவில்லை" என்று அந்தப் பிள்ளையின் தலையிலேயே பழி விழும். காலையில் உண்ணாமல் வந்த குழந்தை, விளக்கில்லாத வீட்டில் படித்த குழந்தை, தோற்றது தன் குற்றம் என்று எண்ணித் தலைகுனியும். முதற்படம் அந்தக் குழந்தையின் தோள்மீது கைவைத்து, "உன் குற்றம் மட்டுமன்று, தம்பி, ஆனாலும் படி" என்கிறது. திருமதி ஷெர்வுட் லெராய்க்குச் செய்தது அதுதான். இரக்கப்பட்டு இலவசத் தேர்ச்சி வாரி வழங்கவில்லை. ஏழை என்று எள்ளி ஒதுக்கவும் இல்லை. படி என்றார். பள்ளி பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய பெரிய மதிப்பு அந்த ஒரு சொல்.

லெராயாக நடித்த ஜீன் அந்தோணி ரே, ஆர்லெம் பகுதியில் பிறந்து தெருவில் ஆடிப் பழகியவர். உண்மையான அந்தக் கலைப்பள்ளியிலேயே சேர்ந்து, ஓராண்டுக்குப்பின் வெளியேற்றப்பட்டவர். பள்ளி வைத்துக்கொள்ளாத பிள்ளை, பள்ளி கைவிடாத பிள்ளையாக நடித்தார்! உலகம் அறிந்த ஆட்டக்காரரானார். 2003ஆம் ஆண்டில், 41ஆம் அகவையில் மறைந்தார். அவர் காலில் இருந்த வேகம் ஆடல் ஆசிரியர் எவரும் கற்றுக்கொடுத்ததன்று. அடைபட்ட கதவை உதைத்துத் திறக்கும் வேகம் அது. மறுபடத்தில் ஆடும் கால்கள் அழகானவை, பழகியவை. கதவை உதைத்த கால்கள் அல்ல. அவற்றுக்குக் கதவு முன்னரே திறந்து கிடக்கிறது.

பழைய படங்களை மீண்டும் எடுக்க வருவோர் இனியும் வருவர். வரட்டும். பாட்டை எடுத்துக்கொள்ளட்டும், பெயரை எடுத்துக்கொள்ளட்டும், புது ஆடை உடுத்தட்டும். ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்போம். அந்தப் பாட்டு எந்த வயிற்றின் பசியிலிருந்து, எந்தத் தெருவின் புழுதியிலிருந்து, எந்தத் தந்தையின் காய்த்துப்போன கையிலிருந்து எழுந்ததோ, அதையும் சேர்த்து எடுக்கட்டும். வியர்வையைத் துடைத்துவிட்டுப் புகழை மட்டும் காட்டினால், பிள்ளைகள் புகழை நம்புவார்கள். உழைப்பையும் நம்பமாட்டார்கள், தம்மையும் நம்பமாட்டார்கள். அந்த இழப்பை எந்த வசூலும் ஈடு செய்யாது!